முனைவும் ஒரு கல்வியே

நுழையும்முன்

பட்டம் பெற்றவர் வேலை தேடுவர் என்பது நெடுங்காலமாக நிலவிவரும் எண்ணம். பட்டம் பெற்றவர் தாமே ஒரு தொழிலைத் தொடங்கிப் பிறருக்கும் வேலை தரலாம் என்னும் எண்ணம் இன்று வலுப்பெற்று வருகிறது. தொழில் நடத்தும் திறம் பிறவியில் வருவதா, பயிற்சியால் வருவதா? கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் அதனை எவ்வாறு கற்பிக்கின்றன? இவ்வினாக்களுக்கு விடை காண முயல்கிறது இப்பாடம்.

பிறப்பா, பயிற்சியா?

வணிகம் சிலருக்குக் குருதியிலேயே ஊறியது என்று சொல்வதுண்டு. அக்கூற்றைச் சற்று ஆராய்ந்தால் வேறோர் உண்மை புலப்படும். மளிகைக்கடை நடத்தும் குடும்பத்துச் சிறுவன் பள்ளி விட்டதும் கடைக்கு வருகிறான். தந்தையின் அருகில் அமர்ந்து பொட்டலம் கட்டுகிறான். சில்லறை எண்ணித் தருகிறான். எந்தச் சரக்கு எந்த மாதத்தில் விற்கும், யாருக்குக் கடன் கொடுக்கலாம், கொடுத்த கடனை முகங்கோணாமல் எப்படிக் கேட்டு வாங்கலாம் என்பவற்றையெல்லாம் பாடம் என்று அறியாமலேயே கற்றுக்கொள்கிறான். பத்தாண்டுகள் கழித்து அவன் தனிக்கடை வைக்கும்போது ஊரார் அதனைப் பிறவித்திறன் என்கின்றனர். உண்மையில் அது பத்தாண்டுப் பயிற்சியின் பயன்.

உழவர், தொழிலாளர், அலுவலர் வீடுகளில் பிறந்த பிள்ளைகள் பலருக்கு அத்தகைய கடையும் கல்லாப்பெட்டியும் வாய்ப்பதில்லை. அவர்களுக்கு அப்பயிற்சியை வழங்கத்தக்க இடம் கல்விக்கூடமே.

காக்கிநாடா காட்டிய வழி

இக்கருத்துக்குச் சான்றாக அமைந்த ஆய்வு ஒன்று நம் அண்டை மாநிலத்தில் நடைபெற்றது. ஹார்வர்டு பல்கலைக்கழக உளவியல் அறிஞர் டேவிட் மெக்லிலேண்ட் 1964ஆம் ஆண்டில் ஆந்திரத்தின் காக்கிநாடா நகரைத் தேர்ந்தெடுத்தார். அந்நகரின் சிறுவணிகரும் தொழில் நடத்துவோரும் ஐதராபாத்திலிருந்த ஒரு நிறுவனத்தில் பயிற்சி பெற்றனர். தமக்கென ஓர் இலக்கை வகுத்துக்கொள்ளவும், செய்த செயலின் பயனை உடனுக்குடன் அளந்து பார்க்கவும் அவர்கள் பழக்கப்படுத்தப்பட்டனர். பின்னர் ஆராய்ந்தபோது, பயிற்சி பெறாதவர்களைவிடப் பயிற்சி பெற்றவர்கள் புதிய முயற்சிகளில் மிகுதியாக ஈடுபட்டது தெரியவந்தது. மரபுவழி நம்பிக்கைகள் அவர்களுடைய முன்னேற்றத்திற்குத் தடையாக இருக்கவில்லை என்பதும் புலனாயிற்று.

மெக்லிலேண்ட் கையாண்ட வளையம் எறியும் விளையாட்டு எளிமையானது. ஆயினும் பொருள் பொதிந்தது. நட்டுவைத்த கம்பில் வளையத்தை எறிய வேண்டும். எவ்வளவு தொலைவிலிருந்து எறிவது என்பதை ஆடுபவரே முடிவு செய்யலாம். சிலர் கம்பின் அருகிலேயே நின்று எளிதில் வெல்வர். சிலர் எட்டாத தொலைவில் நின்று நற்பேற்றை நம்புவர். சாதிக்கும் ஊக்கம் உடையவரோ முயன்றால் வெல்லத்தக்க இடைப்பட்ட தொலைவைத் தேர்ந்தெடுப்பர். தொழில்முனைவு என்பது கண்ணை மூடிக்கொண்டு குதிக்கும் துணிச்சலன்று. தொலைவை அளந்து நிற்கும் துணிவு என்பதை இவ்விளையாட்டு உணர்த்துகிறது.

வகுப்பறைக்கு வந்த வணிகம்

ஹார்வர்டு வணிகப் பள்ளியில் பேராசிரியர் மைல்ஸ் மேஸ் 1947ஆம் ஆண்டில் புதுத்தொழில் மேலாண்மை பற்றிய பாடத்தைத் தொடங்கினார். 188 மாணவர்கள் அதில் சேர்ந்தனர். இரண்டாம் உலகப்போர் முடிந்து திரும்பியவர்கள் புதுவாழ்வுக்கு வழி தேடிய காலம் அது. இந்தியாவில் 1983ஆம் ஆண்டு அகமதாபாத்தில் தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனம் நிறுவப்பட்டது. தமிழ்நாட்டில் திருச்சிராப்பள்ளி மண்டலப் பொறியியல் கல்லூரியைச் சார்ந்து 1986ஆம் ஆண்டில் அறிவியல் தொழில்நுட்பத் தொழில்முனைவோர் பூங்கா உருவானது. இன்று பல கல்லூரிகளில் மாணவர்களின் புதிய முயற்சிகளுக்கு இடமும் கருவிகளும் வழிகாட்டுதலும் தரும் தொழில் வளர்மையங்கள் இயங்குகின்றன.

ஐந்து டாலர் பாடம்

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டினா சீலிக் தம் மாணவர் குழுக்களுக்கு ஓர் உறையைக் கொடுத்தார். ஒவ்வோர் உறையிலும் ஐந்து டாலர் இருந்தது. திட்டமிடச் சில நாள்கள் உண்டு. உறையைத் திறந்தபின் இரண்டு மணி நேரத்திற்குள் இயன்ற அளவு பொருள் ஈட்ட வேண்டும். பின்னர் வகுப்பில் மூன்று நிமிடம் அதனை விளக்க வேண்டும் என்பதே பணி.

மிகுதியாக ஈட்டிய குழுக்கள் அந்த ஐந்து டாலரைப் பொருட்படுத்தவில்லை. ஒரு குழு வளாகத்தில் மிதிவண்டிகளின் காற்றழுத்தத்தைப் பார்த்துக் கொடுத்துப் பணம் பெற்றது. மற்றொரு குழு, தமக்குரிய மூன்று நிமிட நேரமே விலைமதிப்புள்ள பொருள் எனக் கண்டது. அவ்வகுப்பு மாணவர்களைப் பணிக்கு எடுக்க விரும்பிய ஒரு நிறுவனத்திற்கு அந்நேரத்தை விற்று 650 டாலர் ஈட்டியது. கையிலிருக்கும் பணத்தை நோக்குவதினும் பிறருடைய தேவையை நோக்குவதே தொழிலின் தொடக்கம் என்பதை மாணவர்கள் தம் பட்டறிவால் உணர்ந்தனர்.

கணக்கு என்னும் கண்

தேவையை அறிந்தால் மட்டும் போதாது. கணக்கும் அறிய வேண்டும். கல்லூரி மாணவர் சிலர் 10,000 ரூபாய் முதலுடன் துணிப்பை தைத்து விற்பதாகக் கொள்வோம். ஒரு பைக்குத் துணி 24 ரூபாய், நூலும் கைப்பிடியும் 3 ரூபாய், தையற்கூலி 9 ரூபாய் என அடக்கவிலை 36 ரூபாய் ஆகிறது. விற்பனை விலை 45 ரூபாய் எனில், ஒரு பைக்கு 9 ரூபாய் மிஞ்சும். தையல் இயந்திரத்திற்கு மாத வாடகை 1,800 ரூபாய். ஆகவே, 200 பைகள் விற்றால்தான் வாடகை ஈடாகும். இலாபமும் நட்டமும் இல்லாத நிலை அதுவே.

அவர்கள் 250 பைகள் தைத்து ஒரு கடைக்குக் கடனாகக் கொடுக்கின்றனர். ஏட்டின்படி வாடகை போக 450 ரூபாய் இலாபம். ஆனால், பைகளுக்குச் செலவான 9,000 ரூபாய் போகக் கையில் எஞ்சியிருப்பது 1,000 ரூபாய் மட்டுமே. கடைக்காரர் பணம் தருவதற்குள் வாடகை நாள் வந்துவிடுகிறது. இலாபம் இருந்தும் வாடகை கொடுக்கப் பணம் இல்லை! இலாபம் வேறு, கைப்பணம் வேறு என்னும் இவ்வேறுபாட்டை அறியாமல் நல்ல தொழில்களும் நலிவதுண்டு. தம் உழைப்புக்குரிய கூலியை அடக்கவிலையில் சேர்க்க மறப்பதும், தொழிற்பணத்தையும் வீட்டுப்பணத்தையும் ஒன்றாகக் கலப்பதும் புதியவர்களிடம் காணப்படும் பிற பிழைகளாகும்.

சிறிதாகத் தவறும் உரிமை

அமெரிக்காவின் பாப்சன் கல்லூரியில் முதலாண்டு மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து, கல்லூரி தரும் கடனைக்கொண்டு உண்மையான தொழில் ஒன்றை நடத்திப் பழகும் முறை இருந்துவந்தது. கிடைக்கும் இலாபம் அறப்பணிக்குச் சென்றது. இழப்பு நேர்ந்தாலும் அதுவும் ஒரு பாடமாகவே அமையும்.

இத்தகைய பயிற்சியின் அருமையை நம் சூழலில் வைத்துப் பார்த்தல் வேண்டும். பயிற்சியின்றித் தொழில் தொடங்கும் இளைஞர் ஒருவர் தவறினால், அன்னையின் நகை அடகுக்குப் போகும். தங்கையின் படிப்பு தடைப்படும். அவர் இழப்பது பணத்தை மட்டுமன்று. மீண்டும் முயலும் மனத்தையும் இழக்கிறார். அதே தவற்றை ஆசிரியரின் மேற்பார்வையில், சில ஆயிரம் ரூபாய் அளவில், நண்பர்களோடு செய்து பார்த்தவர் காரணத்தை ஆராய்கிறார். அடுத்த முறை திருத்திக்கொள்கிறார். சிறிதாகத் தவறிக் கற்கும் வாய்ப்பைத் தருவதே கல்விக்கூடம் செய்யக்கூடிய பேருதவி.

நிறைவாக

கல்லூரிக்குச் செல்லும் அனைவரும் தொழில் தொடங்கியாக வேண்டும் என்பதில்லை. ஆசிரியராகவோ அலுவலராகவோ பணியாற்றுவோருக்கும் பிறர் தேவையை அறிதல், வரவு செலவை அளத்தல், தவற்றிலிருந்து மீளுதல் ஆகியவை பயன்படும் பண்புகளே. இவை தமிழர்க்குப் புதியனவும் அல்ல. தெரிந்துசெயல்வகை என்னும் அதிகாரத்தில், அழிவது, ஆவது, பின்னர் வரும் ஊதியம் ஆகியவற்றை எண்ணிச் செயலில் இறங்குமாறு வள்ளுவர் வலியுறுத்துகிறார்; வரப்போகும் ஆக்கத்தை நம்பி இருக்கும் முதலை இழக்கும் செயலை அறிவுடையோர் மேற்கொள்ளார் என்றும் எச்சரிக்கிறார். கல்லாப்பெட்டி அருகே வளரும் வாய்ப்பு எல்லாருக்கும் கிட்டுவதில்லை. ஆனால், எண்ணிப் பார்த்துத் துணியும் பழக்கத்தைக் கற்பதற்கு ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் இருந்தால் இன்றே தொடங்கலாம்.