நாவலுக்குள் உருளும் பகடை

கம்ப்யூட்டர் வாங்கியதும் வீட்டுப் பிள்ளைகள் முதலில் கேட்பது கேம்ஸ்தான். அவற்றில் 'பால்டர்ஸ் கேட்' வரிசையை ஆடிப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். எதிரியின் மேல் வாள் வீச்சு படுமா, படாதா என்பதை நீங்கள் மவுஸை எவ்வளவு வேகமாகக் கிளிக் செய்கிறீர்கள் என்பது முடிவு செய்வதில்லை. உள்ளே ஒரு பகடை உருளுகிறது. 2023-ல் வெளிவந்த மூன்றாம் பாகத்தில், பூட்டைத் திறக்கும்போதும் ஒருவரைப் பேசி மடக்கும்போதும் அந்தப் பகடை திரையிலேயே உருண்டு காட்டும். இந்தப் பகடைக்குப் பின்னால் ஐம்பது ஆண்டுக் கதை இருக்கிறது. இதே கற்பனை உலகங்களில் நடக்கும் நாவல்களும் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன.

மேஜையில் தொடங்கிய ஆட்டம்

1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். இதற்குத் திரையும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். நான்கைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, 'நான் கதவை உடைக்கிறேன்' என்பது போலச் சொல்வார்கள். உடைந்ததா என்பதை இருபது முகம் கொண்ட பகடை சொல்லும். தேவையான எண் 15 என்று வைத்துக்கொள்வோம். பகடையில் 12 விழுகிறது. உங்கள் பாத்திரத்தின் பலத்துக்கு 4 சேர்த்தால் 16. கதவு உடைந்தது!

கதை நடத்துபவரின் வேலையையும் இந்தக் கூட்டல் கணக்கையும் பிற்பாடு கம்ப்யூட்டர் ஏற்றுக்கொண்டது. 1988-ல் வந்த 'பூல் ஆஃப் ரேடியன்ஸ்', 1998-ல் வந்த முதல் 'பால்டர்ஸ் கேட்' ஆகிய கேம்கள் இப்படி உருவானவைதான்.

ஆட்ட விதியே குணமானது

இந்த விளையாட்டை வெளியிட்டு வந்த டி.எஸ்.ஆர். நிறுவனத்தில் மார்கரெட் வெய்ஸ், டிரேசி ஹிக்மன் இருவரும் வேலை பார்த்தார்கள். 'டிராகன்லான்ஸ்' என்ற உலகத்துக்கான ஆட்டப் புத்தகங்கள் தயாரானபோது, அதே கதையை இருவரும் நாவலாகவும் எழுதினார்கள். முதல் நாவல் 'டிராகன்ஸ் ஆஃப் ஆட்டம் ட்வைலைட்' 1984-ல் வந்தது. அடுத்த இரண்டும் 1985-ல் வந்தன. அவை பெரும் விற்பனை கண்டன.

இந்த நாவல்களில் ரைஸ்ட்லின் என்ற மந்திரவாதி வருகிறான். மெலிந்த உடம்பு, ஓயாத இருமல். ஒரு மந்திரத்தைப் பிரயோகித்தால் அது மனதிலிருந்து அழிந்துவிடும். மறுபடியும் புத்தகத்தைத் திறந்து மனப்பாடம் செய்ய வேண்டும். இது அன்றைய ஆட்ட விதி. மந்திரவாதிக்கு உடல் வலிமை குறைவு என்பதும் ஆட்டத்தில் இருந்ததுதான். விதிப் புத்தகத்தில் இரண்டு வரியாக இருந்ததை நாவலாசிரியர்கள் ஒரு மனிதனின் வேதனையாக மாற்றினார்கள். வாசகர்கள் ரைஸ்ட்லினை மறக்காததற்கு இதுவே காரணம்.

போனில் பிறந்த நாயகன்

'பர்காட்டன் ரெல்ம்ஸ்' இன்னொரு உலகம். கனடாவைச் சேர்ந்த எட் கிரீன்வுட் சிறுவனாக இருந்தபோதே, அதாவது இந்த விளையாட்டு வருவதற்கு முன்பே, கற்பனை செய்தது. 1987-ல் ஆட்டமாக வெளிவந்தது. அந்த உலகில் நாவல் எழுத வந்தார் ஆர்.ஏ.சால்வடோர் என்ற புதியவர். நாயகனுக்குத் துணையாக ஒரு பாத்திரம் உடனே வேண்டும் என்று பதிப்பாசிரியர் போனில் கேட்க, அவர் யோசிக்க நேரமின்றிச் சொன்ன பாத்திரம்தான் டிரிஸ்ட். 1988-ல் 'தி கிரிஸ்டல் ஷார்ட்' நாவலில் துணையாக வந்த டிரிஸ்ட், பின்பு ஏராளமான நாவல்களுக்கு நாயகன் ஆனான். முதல் 'பால்டர்ஸ் கேட்' கேமிலும் நீங்கள் அவனைச் சந்திக்கலாம்.

ஜப்பானில் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகை

நம் வாசகர்களுக்குப் பிடித்தமான செய்தி இது. ஜப்பானில் 'காம்ப்டீக்' என்ற கம்ப்யூட்டர் பத்திரிகை 1986-ல் ஒரு புதுமை செய்தது. நண்பர்கள் கூடி இந்த ஆட்டத்தை ஆடும்போது பேசிய பேச்சைத் தொடராக வெளியிட்டது. கதையை நடத்தியவர் ரியோ மிசுனோ. தொடருக்கு வரவேற்பு குவிந்தது. 1988-ல் மிசுனோ அதையே 'ரெக்கார்ட் ஆஃப் லோடாஸ் வார்' என்று நாவலாக எழுதினார். பிறகு அது அனிமேஷன் தொடராகவும் வந்தது.

உலகம் யாருக்குச் சொந்தம்?

இங்கேதான் சிக்கல். பாத்திரத்தைப் படைத்தவர் எழுத்தாளர். ஆனால் உலகமும் பாத்திரமும் நிறுவனத்தின் சொத்து. 1990-களில் சால்வடோருக்கும் டி.எஸ்.ஆருக்கும் ஒத்துவராதபோது, டிரிஸ்டை வைத்து வேறொருவரை எழுதச் சொன்னது நிறுவனம். சால்வடோரால் அதைத் தடுக்க முடியவில்லை. 1997-ல் டி.எஸ்.ஆர். நொடித்து, விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் அதை வாங்கியது. வேறொருவர் எழுதிய அந்த நாவல் வெளிவரவில்லை. சால்வடோர் திரும்ப வந்து எழுதினார்.

2020-ல் வெய்ஸ், ஹிக்மன் இருவரும் புதிய டிராகன்லான்ஸ் நாவல்கள் தொடர்பாக விசார்ட்ஸ் நிறுவனத்தின் மேல் வழக்குத் தொடுத்தார்கள். சில மாதங்களில் வழக்கைத் திரும்பப் பெற்றார்கள். 2022-ல் 'டிராகன்ஸ் ஆஃப் டிசீட்' வெளிவந்தது. தாங்களே வளர்த்த உலகத்துக்குள் நுழைய அவர்களுக்கும் அனுமதி தேவைப்பட்டது!

நீங்கள் என்ன செய்யலாம்?

படிக்க விரும்பினால் டிராகன்லான்ஸ் முதல் மூன்று நாவல்களில் தொடங்குங்கள். விளையாட்டு தெரியாவிட்டாலும் கதை புரியும். இன்டர்நெட்டில் 'இலவச நாவல்' என்று கிடைக்கும் பைல்களைத் தொடாதீர்கள். பெரும்பாலும் அவை காப்புரிமையை மீறியவை. வைரஸும் சேர்ந்து வரலாம்.

சட்டப்படி இலவசமாகக் கிடைப்பதும் ஒன்று உண்டு. 2023 ஜனவரியில் விசார்ட்ஸ் நிறுவனம் தன் பழைய லைசென்ஸை இறுக்க முயன்றது. ரசிகர்கள் கொதித்தெழவே பின்வாங்கி, ஆட்டத்தின் அடிப்படை விதிகளை கிரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸில் வெளியிட்டது. சுமார் 400 பக்க பி.டி.எப். பைல் அது. டவுன்லோட் செய்து திறந்து, கன்ட்ரோல் கீயுடன் எப் கீயை அழுத்தினால் வேண்டிய விதியைத் தேடி எடுக்கலாம். பெயர் குறிப்பிட்டு நன்றி சொன்னால் போதும், அந்த விதிகளை உங்கள் படைப்பில் பயன்படுத்தி விற்கவும் செய்யலாம். ஆனால் டிரிஸ்டும் ரைஸ்ட்லினும் அதில் இல்லை. அவர்கள் நிறுவனத்தின் சொத்தாகவே இருக்கிறார்கள்.

எனவே விதிகளை அங்கிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஊர், மலை, மனிதர், பெயர் எல்லாம் நீங்களே படையுங்கள். வேர்ட் ப்ராசஸரில் ஒரு புதிய பைலைத் திறந்து, உங்கள் உலகத்தின் முதல் ஊருக்குப் பெயர் வைத்து சேவ் செய்யுங்கள். அந்த உலகம் உங்களுக்கே சொந்தம்.