வீடு யார் பேரில் இருந்தாலும்

"வீடு மாமனார் பேர்ல இருக்கு. டிவோர்ஸ் கேஸ் போட்டா உடனே வெளியே போகச் சொல்லிடுவாங்களா?"

மயிலாப்பூர், தி. நகர், அடையாறு என்று எந்தப் பக்கமானாலும், விவாகரத்துப் பேச்சு எழும் வீட்டில் பெண் முதலில் கேட்பது இதைத்தான். படித்து, கை நிறையச் சம்பாதிப்பவர்கூடக் குரலைத் தாழ்த்தித்தான் கேட்கிறார். டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகப் பார்ப்போம்.

வீடு யாருக்குச் சொந்தம் என்பது ஒரு கேள்வி. அதில் குடியிருக்க யாருக்கு உரிமை என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் பயம் வருகிறது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. பத்திரத்தில் பெயர் இல்லாவிட்டாலும் மனைவிக்குப் பகிர்ந்து வாழும் இல்லத்தில் குடியிருக்க உரிமை உண்டு என்கிறது அதன் 17-ஆவது பிரிவு. வாடகை வீட்டுக்கும் இது பொருந்தும். சட்டப்படியான நடைமுறை இல்லாமல் அவரை வெளியேற்ற முடியாது.

வன்முறை என்றால் அடி உதை மட்டும் இல்லை. வசை, மிரட்டல், வீட்டுச் செலவுக்குப் பணம் தர மறுப்பது எல்லாமே அதில் அடக்கம். மனைவி கடைக்குப் போயிருக்கும்போது பூட்டை மாற்றிவிட்டு, திரும்பி வந்தவரை உள்ளே விடாமல் நிறுத்தினால், அதையும் சட்டம் பொருளாதார வன்முறை என்றே சொல்கிறது.

மாமனார் வீடு விஷயத்துக்கு வருவோம். மாமியாரின் சொந்த வீட்டில் மருமகள் குடியுரிமை கோர முடியாது என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பதினான்கு ஆண்டுகள் பெண்களுக்கு இது பெரிய தடையாக இருந்தது. 2020 அக்டோபரில் மூன்று நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பு சரியல்ல என்றது. கணவரின் உறவினருக்குச் சொந்தமான வீடாக இருந்தாலும், அங்கே நிலையாகக் குடும்பம் நடத்தியிருந்தால் அது பகிர்ந்து வாழும் இல்லம்தான். அதே ஆண்டு டிசம்பரில் இன்னொரு தீர்ப்பு வந்தது. மூத்த குடிமக்கள் சட்டத்தைக் காட்டி, விசாரணையைச் சுருக்கி, மருமகளை வெளியேற்றி அவருடைய உரிமையை ஒன்றுமில்லாமல் செய்துவிடக் கூடாது என்றது. அதே சமயம் வயதான பெற்றோரின் நிம்மதியும் முக்கியம். இரண்டு பக்கத்தையும் நீதிமன்றம் எடைபோட்டே முடிவு செய்யும்.

இதில் சென்னை உயர் நீதிமன்றத்துக்குத் தனி இடம் உண்டு. கல்யாணத்துக்குப் பிறகு புகுந்த வீட்டில் குடித்தனம் வைக்கவே வாய்ப்பில்லாமல் போன பெண்ணுக்கும் அங்கே வாழும் உரிமை உண்டு என்று 2007-இலேயே நீதிபதி வெ. ராமசுப்பிரமணியன் தீர்ப்பளித்தார். உச்ச நீதிமன்றம் 2022-இல் இதே திசையில்தான் பேசியது.

2022 ஆகஸ்டில் அதே சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆர்.என். மஞ்சுளா கொடுத்த உத்தரவைப் பாருங்கள். மனைவி வழக்கறிஞர். சிறு பிள்ளைகள் இருவர். விவாகரத்து வழக்கு நடக்க, எல்லோரும் ஒரே வீட்டில். வீட்டின் அமைதியைக் கெடுக்கக் கூடாது என்று குடும்பநல நீதிமன்றம் கணவருக்குச் சொன்னது. ஆனால் வெளியேறச் சொல்லவில்லை. மனைவி உயர் நீதிமன்றம் போனார். அச்சத்துக்குக் காரணமானவரை உள்ளேயே வைத்துக்கொண்டு "தொந்தரவு செய்யாதே" என்பது நடைமுறைக்கு ஒத்துவராது என்றார் நீதிபதி. அணுகுண்டைக் கண்டு பயப்படுகிறவருக்கு ஒரே நிவாரணம், அந்தக் குண்டை அங்கிருந்து அகற்றுவதுதான் என்று உவமையும் சொன்னார். கணவர் இரண்டு வாரத்தில் வேறு இடம் பார்த்துப் போக வேண்டும் என்பது உத்தரவு. பெட்டியைக் கட்ட வேண்டியவர் மனைவிதான் என்று காலம் காலமாக நம்பி வந்த நமக்கு, இது எவ்வளவு பெரிய திருப்பம்!

இந்த உரிமையை எப்படிக் கேட்பது? மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலரிடம் போகலாம்; நேராக மாஜிஸ்திரேட்டிடமும் மனு போடலாம். விவாகரத்து வழக்கு ஏற்கெனவே நடந்தால் அந்தக் குடும்பநல நீதிமன்றத்திலேயே கேட்கலாம். அவசரமென்றால் இடைக்கால உத்தரவு கிடைக்கும். கணவரை வெளியேறச் சொல்லவும், வீட்டை விற்கத் தடை போடவும், அதே தரத்தில் மாற்று வீடோ வாடகையோ தரச் சொல்லவும் 19-ஆவது பிரிவு இடம் தருகிறது. வக்கீலுக்குப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் இலவச உதவி உண்டு. உடனடி உதவிக்கு 181 என்ற எண்ணை அழையுங்கள்.

உயிருக்கு ஆபத்தென்றால் முதலில் குழந்தைகளோடு தாய் வீட்டுக்குப் போங்கள். போய்விட்டதாலேயே உரிமை போய்விடாது. தங்கியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம். ஆதார், ரேஷன் கார்டு, கேஸ் ரசீது, பிள்ளைகளின் பள்ளிக் கடிதம் என்று அந்த விலாசம் உள்ள காகிதங்களின் நகல் கையில் இருக்கட்டும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இது குடியிருக்கும் உரிமை, சொத்தில் பங்கு இல்லை. உரிமையியல் வழக்கு மூலம் வீட்டின் உரிமையாளர் வெளியேற்ற உத்தரவு பெறவும் வாய்ப்புண்டு. விவாகரத்துத் தீர்ப்பு வந்த பிறகு இந்தப் பிடி தளர்ந்துவிடும். அதனால் பரஸ்பர சம்மத மனுவில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே, இனி எங்கே வசிப்பது, வாடகை யார் கொடுப்பது, முன்பணம் யார் கட்டுவது என்பதெல்லாம் எழுத்தில் வரட்டும். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று யார் சொன்னாலும், நீங்கள் அன்றைக்கே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.