சின்னக் குழந்தைகளோடு பண்டிகை, பிறந்தநாள், உறவுக்காரர் வீடு

வீட்டில் ஒரு விசேஷம் என்றால் அன்று அதிகம் அழுவது அந்த வீட்டின் கடைக்குட்டிதான். தீபாவளியோ, பொங்கலோ, பிறந்தநாளோ, குலதெய்வக் கோயிலில் மொட்டையோ, எதுவானாலும் இதுதான் கதை. "எல்லாரும் சந்தோஷமா இருக்கோம், இவன் மட்டும் ஏன் இப்படிச் சிணுங்குறான்?" என்று கேட்பார்கள். கண் பட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றிப் போடுவார்கள். காரணம் பெரும்பாலும் மிகச் சாதாரணமானது. அன்றைக்குத் தூக்கம் தப்பியிருக்கும். சாப்பிடும் நேரம் தள்ளிப்போயிருக்கும். பழக்கமில்லாதவர்கள் மாற்றி மாற்றித் தூக்கியிருப்பார்கள். விசேஷம் முழுவதையும் பெரியவர்களின் வசதிக்கு வைத்துவிட்டு, ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளை அதற்கு ஈடுகொடுக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். குழந்தையின் அளவுக்கு விசேஷத்தைக் குறைக்க முடியும். அப்படிக் குறைத்தால் பெரியவர்களுக்கும் நிம்மதி.

முதலில் உறவுக்காரர்கள். ஆறு மாதம் வரை யார் கையில் கொடுத்தாலும் சிரித்த குழந்தை, எட்டாம் மாதத்தில் பாட்டியைக் கண்டு அலறும். "போன தடவை என் மடியிலதானே தூங்கினே" என்று பாட்டி நொந்துபோவார். பெற்றவளுக்குச் சங்கடம். இதில் யார் மீதும் குறையில்லை. தெரிந்த முகம் எது, தெரியாத முகம் எது என்று பிரித்துப் பார்க்கும் அறிவு வளரும்போது இந்தப் பயமும் கூடவே வருகிறது. ஒரு வயதை ஒட்டி அது கூடுதலாக இருக்கும். இரண்டு வயதுக்குப் பிறகு மெல்லத் தணியும். மூளை சரியாக வளர்கிறது என்பதற்கான அடையாளம் இது.

பாட்டி செய்யக்கூடியது ஒன்று உண்டு. வந்ததும் வாசலிலேயே கையை நீட்டி வாங்காமல், தரையில் உட்கார்ந்து குழந்தையின் அம்மாவோடு பேசிக்கொண்டிருக்கலாம். பக்கத்தில் மூடி போட்ட ஓர் எவர்சில்வர் டப்பா இருக்கட்டும். அதைத் திறக்கலாம், உள்ளே ஒரு கைக்குட்டையைப் போட்டு மூடலாம், மறுபடி திறக்கலாம். குழந்தையை நேராகப் பார்க்க வேண்டாம். அம்மாவின் தோளில் முகம் புதைத்திருக்கும் குழந்தை முதலில் ஒரு கண்ணால் எட்டிப் பார்க்கும். மறைத்துக்கொள்ளும். திரும்பவும் பார்க்கும். பிறகு இறங்கி, ஒரு கையால் அம்மாவின் புடவையைப் பிடித்தபடியே இன்னொரு கையால் டப்பாவைத் தொடும். அப்போதும் தூக்கக் கூடாது. டப்பாவை அதன் பக்கம் நகர்த்தினால் போதும். பல குழந்தைகள் கால்மணி, அரைமணி நேரத்தில் தாங்களாகவே மடிக்கு வந்துவிடும். ஊருக்குப் போவதற்குச் சில வாரங்கள் முன்பிருந்தே வீடியோ காலில் அடிக்கடி முகம் காட்டி வந்தால் இன்னும் சுலபம்.

அடுத்தது முத்தம். "மாமாவுக்கு ஒரு முத்தா குடு, அப்பத்தான் சாக்லேட்" என்று நாம் அன்பாகத்தான் கேட்கிறோம். ஆனால் குழந்தை வேண்டாம் என்று தலையாட்டினால் அதோடு விட்டுவிட வேண்டும். வணக்கம் சொல்லட்டும், டாட்டா காட்டட்டும், அதுவும் மரியாதைதான். குழந்தைகள் மீதான பாலியல் அத்துமீறல்களில் பெரும்பாலானவற்றைச் செய்வது குழந்தைக்கு நன்றாகத் தெரிந்தவர்களே. தன் உடம்பைத் தொட வேண்டாம் என்று சொன்னால் வீட்டில் கேட்பார்கள் என்ற நம்பிக்கை, இப்படிப்பட்ட சின்னச் சந்தர்ப்பங்களில்தான் பிள்ளைக்கு உருவாகும். கைக்குழந்தை என்றால் வேறொரு காரணமும் உண்டு. பெரியவர்களுக்கு உதட்டோரக் கொப்புளத்தோடு போய்விடும் ஹெர்பிஸ் கிருமி, பிறந்து சில வாரங்களே ஆன சிசுவுக்கு உயிராபத்தாக முடியலாம். சளி, காய்ச்சல் இருப்பவர்கள் தள்ளி நின்று பார்ப்பதும், மற்றவர்கள் கையை சோப்பு போட்டுக் கழுவிவிட்டுத் தூக்குவதும் தவறாகாது.

தீபாவளிக்கு வருவோம். ஒன்றிலிருந்து இரண்டு வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும். மூன்றிலிருந்து ஐந்து வயது என்றால் 10 முதல் 13 மணி நேரம். பண்டிகைக்காக இது குறையாது. அதிகாலை 4 மணிக்கு எழுப்பி, தலையில் எண்ணெய் வைத்து, சீயக்காய் கண்ணில் பட்டு அழவிட்டால் அன்று முழுக்க அழுகைதான். பெரியவர்கள் விடிவதற்குள் குளிக்கட்டும். குழந்தை தானாக எழுந்த பிறகு உச்சியில் எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டினால் போதும். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதை அடியோடு நிறுத்த வேண்டும். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரக்கூடும். வெந்நீருக்காக பக்கெட்டில் ஹீட்டர் கம்பி போட்டிருக்கும் குளியலறைக் கதவு வெளியே தாழிட்டிருக்க வேண்டும்.

பட்டாசுக்குக் கட்டுப்பாடு கேட்ட வழக்கு குழந்தைகளின் வழக்கு என்பது பலருக்கு மறந்துவிட்டது. 2015-ல் மூன்று கைக்குழந்தைகளின் சார்பில் அவர்களுடைய தந்தையர்தான் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2018 அக்டோபரில் வெடிக்கும் நேரத்துக்கு நீதிமன்றம் கட்டுப்பாடு விதித்தது. அதை ஒட்டித் தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று நேரம் குறித்தார்கள். அந்த நேரங்களில் குழந்தையைத் தெருப்பக்கம் இல்லாத அறையில், ஜன்னலைச் சாத்தி, தெரிந்த ஒருவர் மடியில் வைத்துக்கொள்ளலாம். நேரம் தாண்டியும் தெருவில் வெடிப்பார்கள் என்பதால் அன்றைக்கு அந்த அறையையே தூங்கும் அறையாக வைத்துக்கொள்வது நல்லது.

மத்தாப்பு ஆபத்தில்லாதது என்று நினைத்து மூன்று வயதுப் பிள்ளையின் கையில் கொடுக்கிறோம். கம்பி மத்தாப்பின் நுனி ஆயிரம் டிகிரி செல்சியஸ் வரை சூடாகும். பொறி அணைந்த பிறகும் கம்பி கொதித்துக்கொண்டிருக்கும். செருப்பில்லாத கால் அதன் மேல்தான் விழும். சின்னப் பிள்ளைகள் தள்ளி நின்று பார்க்கட்டும். எரிந்த கம்பியைப் போட ஒரு வாளித் தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். நைலான் ஜிகினா ஃபிராக்கை விட்டுப் பருத்தி உடை போடுங்கள். சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். ஐஸ், டூத்பேஸ்ட், மை, மஞ்சள் எதுவும் வேண்டாம். முகம், கை, பிறப்புறுப்பில் பட்டிருந்தாலோ, கொப்புளம் பெரிதாக இருந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மூன்று வயதுக்கு முன் நடந்தவை பெரும்பாலும் யாருக்கும் நினைவில் நிற்பதில்லை. ஆகவே முதல் பிறந்தநாள் பெற்றோருக்கான கொண்டாட்டம். ஒரு வருடம் ராத்தூக்கம் விழித்து வளர்த்தவர்கள் கொண்டாடிக்கொள்ளட்டும், அதில் எனக்கு முழுச் சம்மதம். நேரத்தை மட்டும் குழந்தையைக் கேட்டு வையுங்கள். மண்டபத்தில் இரவு 7 மணிக்கு என்று அழைப்பிதழ் போட்டு, முக்கியமானவர்கள் வரக் காத்திருந்து, 8.30-க்குக் கேக் வெட்டும்போது குழந்தை அரைத் தூக்கத்தில் இருக்கும். போட்டோகிராஃபர் கிலுகிலுப்பை ஆட்டுவார், அது வீறிடும். பகல் தூக்கம் முடிந்து பால் குடித்த பிறகு, மாலை 4 மணிக்கு வீட்டிலேயே வையுங்கள். ஒன்றரை மணி நேரத்தில் முடித்துக்கொள்ளுங்கள். இரண்டு வயது முடியும்வரை சர்க்கரை சேர்த்த பண்டம் வேண்டாம் என்பதே குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. கேக் விருந்தினருக்கு, குழந்தைக்கு வாழைப்பழம்.

இரண்டு, மூன்று வயதில் பிள்ளைகள் சேர்ந்து விளையாடுவதைவிடப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தனித்தனியாக விளையாடுவதே அதிகம். அந்த வயதில் "பொம்மையைத் தம்பிக்குக் குடு" என்று மிரட்டிப் பயனில்லை. உயிராக வைத்திருக்கும் பொம்மையை விருந்தினர் வருவதற்கு முன்பே பீரோவில் வைத்துவிடுங்கள்.

பிறந்தநாளில் நாம் கவனிக்காமல் விடும் ஆபத்துகள் சில. வெடித்த பலூன் துண்டைக் குழந்தை வாயில் போட்டால் மூச்சுக்குழாயை அப்படியே அடைத்துக்கொள்ளும். ஆகவே விழுந்த துண்டை உடனே பொறுக்க வேண்டும். தெருவில் விற்கும் கேஸ் பலூன் பலவற்றில் இருப்பது ஹைட்ரஜன், மெழுகுவத்தி பக்கத்தில் வந்தால் தீப்பிடிக்கும். ஸ்னோ ஸ்ப்ரேயும் அப்படித்தான். பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, மினுக்கும் பொம்மை ஆகியவற்றில் இருக்கும் பொத்தான் போன்ற பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் வெந்துபோகத் தொடங்கும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

பலகாரத் தட்டையும் ஒருமுறை பாருங்கள். கிருஷ்ண ஜெயந்திச் சீடை, வேர்க்கடலை, முழுத் திராட்சை, சர்க்கரைப் பொங்கலில் கிடக்கும் முழு முந்திரி இவையெல்லாம் நான்கு வயதுக்குள் இருக்கும் பிள்ளையின் தொண்டையில் சிக்கக்கூடியவை. முந்திரியைப் பொடித்துப் போடலாம், திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்கலாம். ஓடிக்கொண்டே சாப்பிட விடக் கூடாது. பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கிறேன் என்று நாக்கில் தேன் தடவும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி சிசுவின் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கி, தசைகளைச் செயலிழக்கச் செய்யும். ஒரு வயது நிறையும்வரை தேன் கூடவே கூடாது.

ஊர் வீட்டுக்குப் போனதும் பெட்டியைத் திறப்பதற்கு முன் வீட்டை ஒரு சுற்று சுற்றி வாருங்கள், தவழும் குழந்தையின் கண் உயரத்தில். தாத்தாவின் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் ஜன்னல் திண்டில் இருக்கும். கழிவறையில் ஆசிட் பாட்டில், கொல்லையில் மூடாத தொட்டி, பூஜைக்கு ஏற்றிய குத்துவிளக்கு தரையில். பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் மேலே ஏற்றிவிடலாம். பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்தால் யாருக்கும் வருத்தம் வராது.

பயணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு ரயிலில் தனிப் படுக்கை கேட்காவிட்டால் டிக்கெட் இல்லை. முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். பண்டிகைக் கூட்டத்தில் கடைசி நேரப் பஸ்ஸை நம்பாமல் இதற்குத் திட்டமிடுவது நல்லது. ஒரே லீவில் அப்பா வீடு, அம்மா வீடு, நடுவில் குலதெய்வம் என்று மூன்று இடம் வேண்டாம். தீபாவளி ஒரு வீடு, பொங்கல் இன்னொரு வீடு என்று பிரித்துக்கொள்ளுங்கள். காணும் பொங்கலன்று மெரினாவில் போலீசார் பிள்ளைகளின் கையில் பெற்றோரின் போன் நம்பர் எழுதிய பட்டை கட்டிவிடுகிறார்கள். கோயில் திருவிழாவுக்குப் போகும்போது அதை நாமே செய்துகொள்ளலாம்.

இவ்வளவு எச்சரிக்கைக்குப் பிறகு பண்டிகையில் பிள்ளைக்கு என்னதான் பங்கு என்று கேட்பீர்கள். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் சிறுவீட்டுப் பொங்கல் என்று ஒன்று உண்டு. மார்கழியில் வாசலில் சாணத்தில் செருகிய பூசணிப் பூக்களை எருவாகத் தட்டிக் காயவைப்பார்கள். தை மாதத்தில் சிறுமிகளுக்காக மண்ணால் ஒரு குட்டி வீடு கட்டி, அதற்குக் கோலம் போட்டு, அதன் முன்னால் பொங்கல் வைப்பார்கள். பிறகு எருவையும் பொங்கலையும் ஆற்றில் கொண்டுபோய் விடுவார்கள். குழந்தையின் கைக்கு எட்டும் அளவில் ஒரு பண்டிகை இருக்க வேண்டும் என்று நம் ஊரில் எப்போதோ யோசித்திருக்கிறார்கள்.

அதையே நாமும் செய்யலாம். ஒன்றரை வயதுப் பிள்ளை தட்டில் உதிரிப்பூவை எடுத்துப் போடும். இரண்டு வயதில் கொழுக்கட்டை மாவில் ஓர் உருண்டையைக் கொடுங்கள், எந்த உருவத்தில் வந்தாலும் வேகவைத்து அதற்கே கொடுங்கள். மூன்று வயதில் பொங்கலுக்கு அரிசி களையவிடலாம். நான்கு வயதில் கொலுவின் கீழே ஒரு பார்க்கை அதனிடமே ஒப்படைத்துவிடலாம், யானை வீட்டுக்கூரை மேல் நின்றாலும் திருத்தக் கூடாது. ஒரு நாளைக்கு இப்படி ஒரு வேலை போதும். கோயில், மத்தாப்பு, சினிமா என்று மீதியை எல்லாம் அதன் தலையில் ஏற்ற வேண்டாம்.

தாத்தா பாட்டிகளிடம் ஒரு வேண்டுகோள். "ஒரு மணிக்கு இவன் தூங்கணும்" என்று மருமகள் சொன்னால் அதை உங்கள் வளர்ப்பின் மீது சொன்ன குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஓர் அறையை ஒதுக்கி, ஃபேன் போட்டு, பாயை விரித்துக் கொடுங்கள். பிள்ளையைப் பார்க்க வரும் சொந்தக்காரர்களிடம் "குழந்தை தூங்குது, எழுந்ததும் பார்க்கலாம், முதல்ல காபி சாப்பிடுங்க" என்று நீங்கள் சொல்லுங்கள். அதை மருமகள் சொன்னால் மனத்தாங்கல் வரும். நீங்கள் சொன்னால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.