எந்த அலைக்கு எந்தப் பலகை?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

கரையை நோக்கி வரும் அலையின் சரிவில், பலகைமேல் நின்றபடி வழுக்கி வரும் விளையாட்டே அலைச்சறுக்கு. ஹவாய்த் தீவுகளில் பன்னெடுங்காலமாக வழங்கிவரும் இவ்விளையாட்டு, 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் முதன்முறையாக இடம்பெற்றது. 2025 ஆகஸ்டில் ஆசியச் சாம்பியன் போட்டிகள் நம் மாமல்லபுரத்திலேயே நடைபெற்றன. எங்கள் குப்பத்து இளைஞர்க்கும் சொந்தப் பலகை வேண்டும் என்னும் ஆசை பிறந்திருக்கிறது. ஆனால் ஒரு பலகையின் விலை எங்கள் வீடுகளில் பல மாத வருமானம். வாங்கியது உதவாவிடில் இன்னொன்று வாங்க வழியில்லை. ஆகவே எதை வாங்குவது என்பதை இயற்பியல் கொண்டு ஆராய்வோம்.

பழைய ஹவாய் மக்கள் அலைக்கேற்பப் பலகை செய்தனர். 'ஓலோ' என்பது மிக நீண்ட பலகை, தலைவர்களுக்குரியது. சரிவு குறைந்து உருண்டுவரும் அலைக்கு அது ஏற்றது. 'அலாயா' என்பது குட்டையான, மெல்லிய பலகை. செங்குத்தாக உடையும் அலைக்கு உரியது. ஓலோ செய்ய உதவிய இலேசான விலிவிலி மரம், நம் வேலியில் நிற்கும் கல்யாண முருங்கையின் இனத்தைச் சேர்ந்ததே! இலேசான மரம் தேடிக் கட்டுமரம் கட்டிய நம் முன்னோர்க்கும் இந்த அறிவு புதிதன்று.

முதலில் மிதப்பைக் காண்போம். ஆர்க்கிமிடீஸ் தத்துவப்படி, ஒரு லிட்டர் கடல்நீரை விலக்கும் பொருள் ஏறத்தாழ 1.025 கிலோ எடையைத் தாங்கும். 8 அடி நீளமும் 80 லிட்டர் கனஅளவும் உள்ள ஃபோம் பலகை முழுதும் அமிழ்ந்தால் 82 கிலோ தாங்கும். அதன் சொந்த எடை 5 கிலோ போக, 60 கிலோ இளைஞனை எளிதாகச் சுமக்கும். போட்டியாளர் கையிலுள்ள 6 அடிப் பலகையோ 30 லிட்டருக்கும் குறைவாகவே இருக்கும். அதில் படுத்தால் உடல் பாதி நீருக்குள். வேகம் பிடித்த பிறகே அது ஆளைத் தாங்கும். வேகத்தைத் தருவது அலை. அலை வலுவற்றதாயின் அந்தப் பலகை வெறும் அழகுப் பொருளே.

அடுத்து அலையின் வலு. கட்டுமரம் தள்ளுமுன் என் தந்தையார் கரையில் நின்று சற்று நேரம் அலையைப் பார்ப்பார். நாமும் அவ்வாறே நின்று, ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே எத்தனை வினாடி என்று எண்ணலாம். ஆழ்கடலில் 6 வினாடி அலையின் நீளம் சுமார் 56 மீட்டர். 12 வினாடி அலைக்கோ 225 மீட்டர். இடைவெளி நீண்டால் உயரம் ஒன்றாயினும் வலு மிகுதி. அலையின் உயரத்தைப்போல் ஏறத்தாழ 1.3 மடங்கு ஆழமுள்ள இடத்தில் அது உடையும். தரை மெல்லச் சரிந்தால் அலை மெதுவாகச் சரியும். சட்டென்று உயர்ந்தால் செங்குத்தாக மடியும். செங்குத்தான அலையில் நீண்ட பலகையின் மூக்கு நீரில் குத்தும். அங்கே மூக்கு வளைந்த குட்டைப் பலகையே நல்லது.

இனி நம் கோவளம், மாமல்லபுரம் கரை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, தெற்கே இந்துமாக்கடலின் கோடியில் எழும் நீண்ட அலைகள் இங்கு வருகின்றன. விடியற்காலையில் தரைக்காற்று அலையின் முகத்தைச் சீராக்கும். பிற்பகல் கடல்காற்று அதைக் கலைத்துவிடும். வடகிழக்குப் பருவக்காற்றில் அலை பெரிது. ஆனால் ஒழுங்கற்றது, இழுப்பும் மிகுதி. பயில்வோர் அப்போது கரையில் நிற்பதே அறிவு. மற்ற நாட்களில் பெரும்பாலும் சிற்றலைகளே.

ஆகவே ஒரே பலகைதான் வாங்க முடியுமெனில், 8 அடி ஃபோம் பலகையே வாங்குக. சிற்றலையிலும் ஓடும், தலையில் பட்டாலும் கடினப் பலகையளவு காயம் செய்யாது, தம்பி தங்கையரும் ஏறலாம். இரண்டாவதற்கு வசதி வந்தால், ஏழடியையொட்டிய அகன்ற பலகை. குட்டைப் பலகை, செங்குத்தான அலையில் தேர்ந்தவனுக்கே. எதுவாயினும் கால்கயிறு கட்டாயம் வேண்டும். அலை பறிக்கும் பலகை பக்கத்தில் நீந்துபவனைத் தாக்கும்.

பரிசு பெற்றவன் கையில் இருக்கும் பலகையைப் பார்த்து நம் பலகையைத் தேர்வது தகாது. நம் எடையையும் நம் கடலையும் பார்த்தே தேர்தல் வேண்டும். என் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். வகுப்பறையில் கற்ற ஆர்க்கிமிடீஸ் எங்கள் குப்பத்தின் காசு வீணாகாமல் காக்குமாயின், அக்கல்வி பயன்பட்டது என்பேன்.