பசுமைத் தொட்டியில் வண்ண மீன்கள்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (விலங்கியல்)

கண்ணாடித் தொட்டி, உள்ளே பச்சைப் பசேலென்ற நீர்த்தாவரங்கள், அவற்றினூடே வண்ணப் பொறிகளாய்ப் பாயும் சிறு மீன்கள். இக்காட்சியில் மயங்காதார் யார்? ஆனால், நிறத்தை மட்டுமே பார்த்து மீன் வாங்குவோர் பலர் சில நாள்களிலேயே வெறுந்தொட்டியைப் பார்த்து வருந்துகின்றனர். கூலி வேலை செய்யும் குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவன் நான். எங்களைப் போன்றோர்க்கு ஒரு மீன் இறந்தால் அது ஒரு வேளைக் காய்கறிச் செலவு. ஆகவே, தேர்ந்தெடுக்கும் முறையை அறிந்து வாங்குதல் நன்று.

முதலில் கேட்க வேண்டியது, "எந்த மீன் அழகு?" என்பதன்று, "நம் வீட்டு நீர் எத்தகையது?" என்பதே. சோப்பு எளிதில் நுரைத்தால் மென்னீர். நுரைக்காமல் திரிதிரியாய்த் திரண்டால் கடின நீர். கால்சியம், மெக்னீசியம் உப்புகளே இதற்குக் காரணம். எங்கள் ஊர் ஆழ்குழாய்க் கிணற்று நீர் இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

கடைகளில் கண்ணைப் பறிப்பது நியான் டெட்ரா. 1936-இல் அறிவியல் பெயர் பெற்ற இம்மீன், அமேசான் பகுதியின் மென்மையான, சற்றே அமிலத்தன்மையுள்ள நீருக்கு உரியது. அதன் நீலக்கோடு சாயம் அன்று. தோல் செல்களிலுள்ள குவானைன் படிகங்கள் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் தோன்றுவது. மலேயாவிலும் சுமத்திராவிலும் வாழும் ஹார்லெக்வின் ரஸ்போராவும் மென்னீர் மீனே. உடலில் கருமுக்கோணம் தாங்கிய இது, இலையின் அடிப்புறத்தில் முட்டையிடும். மென்னீர் உள்ளோர் இவ்விரண்டையும் வளர்க்கலாம்.

கடின நீர் உள்ளோர் கவலை கொள்ள வேண்டா! டிரினிடாட், வெனிசுவேலா நாடுகளைத் தாயகமாகக் கொண்ட கப்பி மீன் அந்நீரில் நன்கு வாழும். குட்டி போடும் இனம். ஓர் ஆணுக்கு இரண்டு, மூன்று பெண் மீன்கள் இருத்தல் வேண்டும். 1822-இல் கங்கைப் பகுதியிலிருந்து விவரிக்கப்பட்ட வரிக்குதிரை மீன் நம் நாட்டுச் செல்வம். இன்று உலக மரபியல் ஆய்வுக்கூடங்களில் அதற்குத் தனி இடம் உண்டு. இலங்கையின் நிழல் படர்ந்த ஓடைகளில் வாழும் செர்ரி பார்ப் மீனில், இனப்பெருக்கக் காலத்தில் ஆண் செக்கச் சிவந்து நிற்கும். வரிக்குதிரை மீன் போன்ற கூட்ட மீன்களை ஆறுக்குக் குறையாமல் விடுக. தனித்து விட்டால் அவை அஞ்சி ஒடுங்கும்.

அடுத்து, தாவரங்களை எண்ணிப் பார்க்க வேண்டும். தங்கமீன் செடிகளைக் கொறித்துப் பிடுங்கிவிடும். மேற்சொன்ன சிறு மீன்கள் அவ்வாறு செய்வதில்லை. வாலிஸ்னேரியா, வேலம்பாசி ஆகியவை கடின நீரிலும் தழைக்கும். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவையும் உறிஞ்சும். எனினும் இரவில் செடிகளும் ஆக்சிஜனையே சுவாசிக்கின்றன. மீன்கள் மிகுந்தால் விடியற்காலையில் நீர்மட்டத்தில் வாய் பிளந்து நிற்பது இதனால்தான்.

தொட்டி அமைத்த அன்றே மீன் விடுவது தவறு. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பின் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். பொறுத்தார் பூமி ஆள்வர், மீனும் வளர்ப்பர்!

எங்கள் வீட்டில் இன்று கப்பியும் வரிக்குதிரை மீனும் உள்ளன. "குழம்புக்கும் ஆகாத மீனுக்கு இவ்வளவு படிப்பாடா?" என்று கேட்ட என் அன்னையார்தாம், இப்போது காலைதோறும் குட்டிகளை எண்ணிச் சொல்கிறார்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். மீன் பெருகிவிட்டால் நண்பர்க்குக் கொடுங்கள். ஏரியிலோ குளத்திலோ விடாதீர்கள். தென் அமெரிக்காவிலிருந்து தொட்டிக்கென வந்த சக்கர் மீன், இன்று நம் நீர்நிலைகளில் பெருகி, வலை வீசுவோர்க்குத் தொல்லையாய் நிற்கிறது. தொட்டியின் அழகு தொட்டியோடு இருக்கட்டும்; குளத்து மீன்கள் குளத்தில் வாழட்டும்!