மூச்சுக்குழாயும் ஒரு கன்வேயர் பெல்ட்தான்!



என் அப்பாவுக்குச் சின்ன வயதில் நாய் கடித்தது. வயிற்றைச் சுற்றி 14 ஊசி போட்டார்களாம். இன்றைக்கும் நாயைக் கண்டால் காலைப் பார்க்க மாட்டார், வயிற்றைத்தான் பிடித்துக்கொள்வார். அந்த மருந்து ஆட்டு மூளையில் வெறிநோய்க் கிருமியை வளர்த்துச் செய்தது. மூளைச் சத்து கலந்திருந்ததால் சிலருக்குப் பக்கவாதம் வரை கொண்டுபோய் விட்டதும் உண்டு.

குன்னூர் சிம்ஸ் பூங்கா பக்கம் பஸ்ஸில் போகும்போது நாமெல்லாம் பார்க்கிற பாஸ்டர் நிலையம், 1907-ல் தொடங்கியது. அங்கேயும் பிற்பாடு ஆட்டு மூளையை விட்டுவிட்டு 'வீரோ' என்ற செல்லில் கிருமியை வளர்க்கும் முறைக்கு மாறினார்கள். 1962-ல் ஜப்பானில் ஒரு ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த செல்லின் வாரிசுகள்தான் வீரோ. தீனி கொடுத்தால் பெருகிக்கொண்டே இருக்கும். ஊட்டிக் குளிரில் நாம் ஸ்வெட்டர் போட்டு நடுங்குவோம், அவை 37 டிகிரி பெட்டிக்குள் சுகமாக இருக்கும்!

சரி, குரங்குச் செல் வளர்கிறது. மனிதனின் மூச்சுக்குழாய்ச் செல் வளருமா? வளரும். ஆனால் அது கொஞ்சம் வேலை வாங்கும்.

ஏனென்றால் மூச்சுக்குழாயின் உள்பூச்சு ஒரே மாதிரிச் செல்லால் ஆனதல்ல. ஒரு வகைச் செல் சளியைச் சுரக்கும். தூசி அதில் ஒட்டும். இன்னொரு வகைக்குத் தலையில் நுண்ணிய மயிர்கள். அவை ஓயாமல் அசைந்து அந்தச் சளியைத் தொண்டைக்குத் தள்ளும். மெக்கானிக்கல் மாணவனாகிய எனக்கு இது கன்வேயர் பெல்ட் மாதிரிதான் தெரிகிறது. அடியில் இருப்பது அடித்தளச் செல். மேலே ஒன்று கெட்டுப்போனால் இதிலிருந்துதான் புதுசு உண்டாகும். இதுதான் அங்குள்ள ஸ்டெம் செல்.

ஒருவர் மூக்கிலிருந்து பிரஷ்ஷால் சுரண்டி எடுத்து இதை வளர்க்கலாம். ஆனால் சில தலைமுறையில் களைத்துப்போகும். இதற்கு ஜப்பானின் யாமனாகா வழி காட்டினார். சாதாரணத் தோல் செல்லுக்குள் 4 மரபணுக்களைச் செலுத்தி அதைக் கருப்பருவத்துக்கே திருப்பிவிட்டார்! 2006-ல் எலியில், 2007-ல் மனிதச் செல்லில். 2012-ல் நோபல் பரிசு. அப்படித் திரும்பிய செல்லுக்கு, கரு வளரும் அதே வரிசையில் ரசாயனக் கட்டளை கொடுத்தால் நுரையீரல் செல்லாகி, பிறகு அடித்தளச் செல்லாகிறது.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இனிமேல்தான். செல்லை முழுக்கத் திரவத்தில் மூழ்க விட்டால் மயிர் சரியாக முளைக்காது. எனவே நுண்துளைச் சவ்வின்மேல் பரப்பி, கீழே மட்டும் தீனித் திரவம் வைத்து, மேலே காற்றுப் பட விடுகிறார்கள். மூன்று நான்கு வாரத்தில் மயிர் முளைத்து அசைகிறது, சளி நகர்கிறது! 'நீ இருப்பது மூச்சுக்குழாயில்' என்று செல்லை நம்ப வைக்கும் தந்திரம் இது. இதில் புகை, தூசி, கிருமி எதை வேண்டுமானாலும் விட்டுப் பார்க்கலாம், மருந்தையும் சோதிக்கலாம்.

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். அவர் தேயிலை ஃபாக்டரியில் தூள் சலிக்கும் இடத்தில் 20 வருஷம். இரவெல்லாம் இருமல்.

"எனக்கு ஒண்ணு வளர்த்துக் குடுப்பாங்களாடா?"

"இப்ப இல்லப்பா. வளர்த்து மருந்து சோதிக்கத்தான் முடியுது. உள்ள வெச்சு ஒட்ட வைக்கிறது இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு."

"அப்ப அதுவரைக்கும் துண்டுதான்" என்று மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு நைட் ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டார்.

– மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை