பாட்டியின் குதிரைக் காசு

போன மாதம் சுங்கைப்பட்டாணி நகைக்கடையில் எனக்கும் அம்மாவுக்கும் ஒரு சின்ன வாக்குவாதம். பாட்டி விட்டுச்சென்ற ஒற்றைப் பவுன் காசை உருக்கி, என் மகளுக்கும் தம்பி மகளுக்கும் ஆளுக்கொரு மோதிரம் செய்யலாம் என்றார் அம்மா. எனக்கு மனம் வரவில்லை.

பாட்டி புதுக்கோட்டைப் பக்கம் பிறந்தவர். கெடா தோட்டத்தில் பால்மரம் வெட்டிச் சேர்த்த பணத்தில் அதை வாங்கினார். ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை. மறுபக்கம் குதிரை மேலிருந்து டிராகனைக் கொல்லும் வீரன். மன்னர் யாரென்று பாட்டிக்குத் தெரியாது. ‘குதிரைக் காசு’ என்பார். மன்னர் தலைக்கு மேல் ஒரு வளையத்தைப் பற்றவைத்து, தாலியோடு கோத்துக்கொண்டார்.

பாட்டியின் சீமைக்காரர்கள் ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன்பே அந்நிய மன்னர்களை இப்படித்தான் நடத்தியிருக்கிறார்கள். 1898இல் புதுக்கோட்டை சமஸ்தானத்துக் கறுக்காக்குறிச்சியில் 501 ரோமானியத் தங்கக் காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. கடைசியாக வருபவர் வெஸ்பாசியன்.

செய்தித்தாள் இல்லாத அந்தக் காலத்தில் ரோமப் பேரரசரின் விளம்பரப் பலகை காசுதான். அகஸ்டஸின் காசு அவரைத் தெய்வத்தின் மகன் என்றது. அந்தத் தெய்வம், அவரைத் தத்தெடுத்த ஜூலியஸ் சீசர். இந்தியாவில் நிறையக் கிடைத்த ஒரு வகையில், கேடயமும் ஈட்டியுமாக இரு இளைஞர்கள் நிற்பார்கள். அடுத்த வாரிசுகளான காயுஸும் லூசியுஸும்தான் அவர்கள். இருவருமே பட்டத்துக்கு வருமுன் இறந்துபோனார்கள், பாவம்.

புதுக்கோட்டைக் காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைக்குக் குறுக்கே ஓர் உளிவெட்டு! கோபமா? காசு மறுபடி பணமாகப் புழங்காமல், எடைக்குத் தங்கமாக மட்டும் நிற்பதற்காக வெட்டினார்கள் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. மிளகும் முத்தும் கொடுத்தவனுக்குத் தங்கம் போதும். சீசர் வீட்டுக் கதை எதற்கு? வளையம் வைத்து நகையாக அணிந்த ரோமானியக் காசுகளும் தென்னிந்தியாவில் கிடைத்திருக்கின்றன. ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் இந்தியாவுக்குப் போய்விடுகிறதே என்று ரோமில் பிளினி புலம்பியது இந்த வியாபாரத்தை நினைத்துத்தான்.

அகஸ்டஸின் தங்கக் காசு ஏறக்குறைய 7.8 கிராம். நம் பவுன் 8 கிராம். அந்தச் சொல்லே ஆங்கிலேயரின் பவுண்டிலிருந்து வந்தது.

இதையெல்லாம் கடையிலேயே அம்மாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“எங்கம்மா இருந்திருந்தா உருக்கத்தான் சொல்லியிருப்பாங்க” என்றார்.

உண்மைதான். எனக்குப் பதில் வரவில்லை. காசு இப்போது அம்மாவின் அலமாரியில் இருக்கிறது. தீபாவளி வரை தவணை கேட்டிருக்கிறேன்.